ஓட இடம் தராதவர்கள்

ஓசூர்க்காரர்களுக்கு வண்டியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்துதான் நாடெங்கும் போனது. இன்று ஐகியூப், ஏத்தர் மின்சார ஸ்கூட்டர்கள் இங்கே தயாராகின்றன. கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போச்சம்பள்ளிப் பக்கம் போனால் ஓலாவின் ஆலை. கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் முக்கில் நிற்கிறவர் இல்லாத தெரு எங்கள் பகுதியில் இல்லை. இப்படிப்பட்ட ஊரில், பாகலூர் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில், நல்ல நிலையில் வாங்கிய பேட்டரி வண்டி ஒன்று போர்வை போர்த்தி நிற்கிறது. அதை விற்பதா, வைத்திருப்பதா என்பதுதான் இப்போது பேச்சு. அது நின்றுபோனதற்கு நாங்கள் எல்லோரும் பொறுப்பு என்பதை யாரும் பேசவில்லை.

வண்டி டீச்சருடையது. தெலுங்கு வழி வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவரிடமோ அவர் பள்ளியிலோ படித்த பிள்ளைகள் உண்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் இதைக் கொண்டுவந்து நிறுத்தினார். நாலு சக்கரம், பக்கவாட்டில் திரும்பும் சீட், முன்னால் காய்கறிக் கூடை. கைப்பிடியில் ஒரு பக்க நெம்புகோலை இழுத்தால் முன்னே போகும், மறு பக்கத்தை இழுத்தால் பின்னே வரும், விட்டுவிட்டால் தானாக நிற்கும். வேகம், வேகமாக நடக்கிறவரோடு கூடப் போகிற அளவுதான். கொஞ்ச நாள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு ஹாரன் அடித்தார்கள். பிறகு வண்டி வெளியே வருவது குறைந்தது. அப்புறம் போர்வை.

சென்ற மாதம் அந்த மகன் தெரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: “அம்மா இதை யூஸ் பண்றதே இல்லை. வித்துடலாமா? யாருக்காவது வேணுமா?” பதில்கள் மடமடவென்று வந்தன. ஒருவர் பாதி விலைக்குக் கேட்கலாம் என்றார். ஒருவர் பழைய பேட்டரிக்கு இரும்புக் கடையில் ஈய விலை கிடைக்கும் என்று கணக்கே போட்டுவிட்டார். அத்திப்பள்ளியில் இருக்கும் தன் மாமியாருக்கு ஆகுமா என்று இன்னொருவர் போட்டோ கேட்டார். டீச்சர் ஏன் ஓட்டுவதில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

காரணம் எங்களுக்குத் தெரியாததல்ல. தெருவில் இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலிருந்தும் காரும் பைக்கும் ஏறுவதற்கு ஒரு சிமென்ட் சரிவு சாலைக்குள் நீண்டிருக்கும். அவரவர் வண்டிக்கு அவரவர் போட்டுக்கொண்டது. எல்லாம் சேர்ந்து ஓரத்தை மேடும் பள்ளமுமாக்கிவிட்டன. சாக்கடை மேல் போட்ட கடப்பாக்கல் ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நிற்கும். மாடி கட்டுகிற வீட்டின் எம்.சாண்டும் ஜல்லியும் பாதி அகலத்தைத் தின்றிருக்கும். பைக் பையன்கள் பறக்கிறார்கள் என்று நாங்களே கைக்காசு போட்டுக் கட்டிய வேகத்தடை முழங்கால் உயரம் இல்லையே தவிர, அடிப்பகுதி தாழ்ந்த அந்த வண்டி அதில் உரசி நின்றது. சின்னச் சக்கரம், குறைந்த வேகம், பின்னாலிருந்து தண்ணீர் லாரியின் ஹாரன். அப்புறம் யார் வெளியே வருவார்?

இதைவிட மோசமானது எங்கள் அன்பு. “நீங்க எதுக்கு டீச்சர் ரிஸ்க் எடுக்கிறீங்க, பையனை அனுப்புறேன்” என்று பால் வாங்கிக் கொடுத்தோம், ரேஷன் வாங்கிக் கொடுத்தோம், மின் கட்டணத்தைப் போனிலேயே கட்டினோம். உதவி செய்கிறோம் என்ற திருப்தி எங்களுக்கு. வெளியே போக அவருக்கு இருந்த ஒவ்வொரு காரணத்தையும் பிடுங்கிக்கொண்டோம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சட்டம் இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, அதன் விதிகள் 2017 ஜூனில். இருக்கிற பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகும்படி மாற்ற விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு கெடு. அது 2022லேயே முடிந்தது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ராதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பே சொல்லிவிட்டது. குடியிருப்புப் பகுதி நடைபாதைக்குத் தடையில்லாத அகலம் 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது இந்தியச் சாலைகள் காங்கிரஸ். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆன பிறகு பாகலூர் சாலை நெரிசலுக்கும் குடிநீருக்கும் எத்தனையோ மனு கொடுத்திருக்கிறோம். நடைபாதை கேட்டு ஒரு மனு? இல்லை.

சரிவுக்கும் கணக்கு இருக்கிறது: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அரையடிப் படிக்கு ஆறடிச் சாய்தளம். நாங்கள் காருக்குப் போட்டவை இரண்டடிகூட வராது. ஆறடிக்குச் செக்கர் தகடு வெட்டி, கீழே ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்ய இந்த ஊரில் ஆள் பஞ்சமா? மைக்ரான் கணக்கில் அளவு பார்க்கிறவர்கள் வாழும் தெருவில், டீச்சர் வீட்டுக் கேட்டுக்கு ஒரு தகடு போட யாருக்கும் தோன்றவில்லை.

இந்த வகை வண்டி பிறந்த கதை இங்கே சொல்லத் தக்கது. அமெரிக்காவின் மிச்சிகனில் ஆலன் தீம் என்ற பிளம்பிங் ஒப்பந்தக்காரர், நரம்பு நோயால் நடக்க முடியாமல் போன மனைவிக்காக 1968இல் செய்தார். பெரிய கம்பெனியோ ஆராய்ச்சிக் கூடமோ இல்லை. வீட்டில் ஒருவருக்குத் தேவை, கையில் தொழில், அவ்வளவுதான். தொழில் எங்களிடமும் இருக்கிறது.

இனி விற்பது பற்றி. பெரும்பாலான இத்தகைய வண்டிகளில் 12 வோல்ட் ஈய-அமிலப் பேட்டரி இரண்டு இருக்கும். ஓட்டாவிட்டாலும் அதில் சார்ஜ் தானாக இறங்கும். மாதக் கணக்கில் அப்படியே விட்டால் உள்ளே சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு சார்ஜரில் பச்சை விளக்கு சீக்கிரமே வந்துவிடும், கேட்டைத் தாண்டுவதற்குள் சார்ஜ் இறங்கிவிடும். டீச்சர் வண்டியில் இப்போது நடப்பது இதுதான். இந்த நிலையில் விற்றால் இரும்பு விலைதான் வரும். ஆகவே எந்த முடிவானாலும் முதல் செலவு பேட்டரிக்கு. இன்வெர்ட்டர் கடைக்காரரிடம் ஆம்பியர்-ஹவர் சொல்லி, ஜோடியாக வாங்க வேண்டும். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்கக்கூடாது. சார்ஜரும் அதே வகைப் பேட்டரிக்கானதாக இருக்க வேண்டும்.

ஓட்டுகிறவரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, கண் தெரியவில்லை, அல்லது அவர் இல்லை என்றால் தாமதிக்காமல் கைமாற்றிவிடுவது நல்லது. எடை வரம்பு வண்டித் தகட்டிலேயே இருக்கும். வாங்குகிறவரை உட்கார வைத்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். டீச்சருக்கு இவை எதுவும் பொருந்தாது. முழங்கால்தான் போயிருக்கிறது. எனவே விற்கக்கூடாது என்பது என் கட்சி.

ஆனால் என் கட்சி முக்கியமல்ல. குழுவில் அத்தனை பேர் விலை பேசினோம், டீச்சர் அந்தக் குழுவிலேயே இல்லை. தெரு நண்பர்களே, ஜல்லியை அள்ளுங்கள், வேகத்தடையைச் சரிவாக்குங்கள், கேட்டுக்கு ஆறடித் தகட்டைப் போடுங்கள். பேட்டரியை மாற்றிச் சாவியை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, விற்கலாமா என்று அவரையே கேளுங்கள்.