பிய்த்துண்ணும் பாற்கட்டிப் பாண்

நம் இல்லங்களில் இராப்போசன விருந்து நடைபெறும்போது ஒரு குறை வழக்கமாகவே நேர்ந்துவிடுகின்றது. விருந்தினர் கூடத்தில் அமர்ந்து மகிழ்ச்சியாக உரையாடிக்கொண்டிருக்க, அவர்களை ஆவலோடு அழைத்த இல்லத்தலைவியோ அடுப்படியில் வியர்த்து நிற்கின்றாள். சுடச்சுடப் பரிமாற வேண்டும் என்ற நல்லெண்ணமே அவளை அங்கே கட்டிப்போடுகின்றது. விருந்தோம்பல் என்பது உணவளிப்பது மட்டுமன்று; உடனிருந்து முகமலர்ந்து பேசுவதும் அதிற் பாதியாகும். ஆதலின், முற்பகலிலேயே ஆயத்தஞ் செய்துவிட்டு, இறுதி அரைமணி நேரத்தைப் போறணையிடம் ஒப்படைத்துவிடக்கூடிய ஒரு பண்டத்தை இவ்வாரம் சகோதரிகளுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

ஆறு பேருக்குத் தேவையானவை: 450 கிராம் நிறையுள்ள, வெட்டப்படாத பாண் ஒன்று, சீஸ் எனப்படும் பாற்கட்டி 200 கிராம், உப்பிட்ட பட்டர் 100 கிராம், உள்ளிப் பற்கள் ஐந்து, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லி இலை, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. மேலோடு தடித்த றோஸ்பாண் மிகவும் ஏற்றது. அச்சுப்பாணும் உதவும். வேறு உப்புச் சேர்க்க வேண்டியதில்லை.

பாணின் மேற்புறத்தில் ஓர் அங்குல இடைவெளியில் நீளவாட்டிலும், பின்னர் குறுக்கு வாட்டிலும் வெட்டுக. கத்தி அடிவரை செல்லலாகாது. அடியில் அரை அங்குலம் வெட்டுப்படாமல் நிற்கவேண்டும். அந்த அடிப்பாகமே சதுரத் துண்டுகளையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைப்பது. பட்டரை மெல்லிய சூட்டில் உருக்கி, நசுக்கிய உள்ளியை அதிலிட்டு, நிறம் மாறுமுன் இறக்குக. பொடியாக அரிந்த மிளகாய், கொத்தமல்லி, மிளகுத்தூள் ஆகியவற்றை அதிற் கலந்து, வெட்டுகளின் உள்ளே கரண்டியால் ஊற்றுக. துருவிய பாற்கட்டியை இடுக்குகளில் நன்றாகத் திணிக்கவேண்டும். இவ்வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் அவர்களே விரும்பிச் செய்வர்.

பின்னர் பாணை அலுமினியத் தாளினால் மூடிச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். குளிரில் பாண் விரைவில் இறுகிவிடுமே என்று சிலர் ஐயுறலாம். உண்மைதான், ஆனால் அவ்விறுக்கம் பெரும்பாலும் பாணிலுள்ள மாப்பொருளில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. மீண்டும் நன்றாகச் சூடேறும்போது அது இளகிவிடும். எனவே, முதல்நாள் வாங்கி எஞ்சிய பாணையுங்கூட இதற்குத் தயங்காது பயன்படுத்தலாம். வீண் செலவும் குறையும்.

விருந்தினர் வரும் வேளையில் பாணை வெளியே எடுத்து வைத்து, போறணையை 180 பாகை செல்சியசுக்குச் சூடேற்றுக. தாளோடு இருபது நிமிடம், தாளைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வைத்தாற் போதும், மேற்புறம் பொன்னிறமாகும். அதற்கு மேலும் வைத்தால் பாற்கட்டியிலிருந்து நெய் பிரிந்து, எஞ்சியது இறுகிவிடும். போறணை இல்லாதோர், அடிகனத்த பெரிய பாத்திரத்தினுள் ஒரு தாங்கியை வைத்து, மூடிச் சூடாக்கி, தாளிற் சுற்றிய பாணை அதன்மேலிட்டு, மெல்லிய நெருப்பில் அரைமணி நேரம் விடலாம். பொன்னிறம் வராவிடினும் பாற்கட்டி உருகிவிடும்.

பாற்கட்டியைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். மொசரெல்லா இழையாக நீளும். செடார் சுவை கூட்டும். இரண்டையும் சமமாகக் கலப்பது நன்று. கட்டியாக வாங்கி வீட்டிலே துருவுக. துருவி விற்கப்படுபவற்றில் ஒட்டாதிருப்பதற்காக மாச்சத்துத் தூவப்படுவதுண்டு. அது சீராக உருகுவதைத் தடுக்கும். சைவ உணவினரை அழைத்திருப்பின் மற்றொன்றையும் நினைவிற் கொள்க. சில வகைப் பாற்கட்டிகளுக்குப் பாலை உறையச் செய்வது கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்படும் நொதியாகும். ஆகவே சைவ உணவு எனக் குறிக்கப்பட்டதையே வாங்குக. விருந்தினர் நம்மிடம் வைத்த நம்பிக்கையைக் காப்பது சுவையினும் பெரிது.

சூடாக இருக்கும்போதே பாணை முழுதாக மேசை நடுவே வையுங்கள். அருகில் ஒரு கிண்ணம் தக்காளிச் சூப் இருந்தால் போதும். கத்தியும் முள்ளும் வேண்டா. அவரவர் கையாலேயே பிய்த்தெடுத்து உண்பர். பரிமாற ஒருவர் நிற்கவேண்டிய தேவையே இல்லை. ஆகையால், மேசையைச் சுற்றி நாற்காலிகளை இடும்போது இல்லத்தலைவிக்கும் ஒன்றை மறவாது இடுங்கள்.