கோட்டைக்குப் போகும் வயசு

“மூணு வயசுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது கோட்டை பார்க்கப் போவார்களா சார்? அதுக்கு என்ன புரியும்?”

மகள் குடும்பத்தோடு போர்ட்டோ ரீக்கோ போய்வந்ததைச் சொன்னதிலிருந்து, காலை நடைக்கு வரும் நண்பர்கள் மூன்று பேர் தனித்தனியாக இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், “கடற்கரையோடு நிறுத்தியிருக்கலாம், கோட்டை எங்கே ஓடிவிடப் போகிறது, பையன் வளர்ந்த பிறகு காட்டிக்கொள்ளலாம்” என்றார். நடந்துகொண்டே இதற்கெல்லாம் பதில் சொன்னால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்து எழுதிவிடுவது உத்தமம்.

என் கட்சி இதுதான். கோட்டை பார்ப்பதற்கு மிகச் சரியான வயசு இரண்டிலிருந்து ஐந்து. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் புகுந்துவிடும். எந்த வருஷம், யார் கட்டினார், யார் யாரைத் தோற்கடித்தார் என்று கேள்வித்தாள் மாதிரி ஆகிவிடும். அப்புறம் அறுபதைத் தாண்டியபின் மறுபடி ஒருமுறை அந்த வயசு வருகிறது. இடையில் இருப்பவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஊர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. போர்ட்டோ ரீக்கோ கரீபியன் கடலோரம் உள்ள ஒரு தீவு. கிழக்கு மேற்காகச் சுமார் 100 மைல், வடக்கு தெற்காக 35 மைல். நானூறு வருஷம் ஸ்பெயின்காரர்கள் வைத்திருந்து, 1898 போரில் அமெரிக்காவிடம் இழந்தார்கள். இன்றைக்கும் அமெரிக்காவுக்குள்தான் இருக்கிறது, ஆனால் மாநிலம் இல்லை. எங்களைப் போல விசிட்டர் விசாவில் போன பெற்றோருக்கு ஒரு சௌகரியம்: தனி விசா வேண்டாம். நியூ ஜெர்சியில் ஜனவரி மாதம் நாலு அடுக்கு உடுப்போடு விமானம் ஏறினால், நாலு மணி நேரத்தில் நம்மூர் மார்கழி வெயில், கடற்காற்று, தென்னை மரம். என் மனைவி இறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தவள், திரும்பும் வரை அதைத் தொடவில்லை.

தலைநகரம் சான் ஹுவான். அதன் பழைய நகரத்தில் இரண்டு பெரிய கோட்டைகள் இருக்கின்றன. துறைமுக வாயில் முனையில் எல் மோரோ. நகரத்தின் நிலப்பக்கத்தைக் காக்க சான் கிறிஸ்டோபல். எல் மோரோவை 1539-இல் ஆரம்பித்து, இடித்துக் கட்டி, ஒட்டுப்போட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரை கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பொதுப்பணித்துறையில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் இந்தக் கால அளவைக் கேட்டதும் எனக்கு ஒரு தனி நிம்மதி.

எங்கள் படையில் இரண்டு பேர் முக்கியம். பேரனுக்கு மூன்றரை வயசு. பேத்திக்கு ஒன்றரை.

எல் மோரோவுக்கு முன்னால் பரந்த புல்வெளி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே அங்கே பட்டம் விடுகிறது. மரம் என்று ஒன்றுமே கிடையாது. நிழலே இல்லாமல் இவ்வளவு பெரிய மைதானத்தை எவன் விட்டுவைத்தான் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். பேரன் அதற்குள் கண்ணாமூச்சி ஆடலாம் என்று ஆரம்பித்துவிட்டான். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு பத்து எண்ணினேன். கண்ணைத் திறந்தால் நடு மைதானத்தில் அப்படியே நிற்கிறான். முகம் வாடிவிட்டது. “ஒளிஞ்சுக்க இடமே இல்ல தாத்தா!”

அதுதான் சமாசாரம். அந்த மைதானத்தின் நோக்கமே அதுதான். நிலவழியாக வருகிற எதிரிக்கு ஒரு மரம், ஒரு புதர், ஒரு மேடு ஒளிந்துகொள்ளக் கிடைக்கக் கூடாது. சுவரில் இருக்கும் பீரங்கிக்கு அவன் முழுசாகத் தெரிய வேண்டும். வாசலில் வைத்திருக்கும் பலகையில் இதை ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள். பெரியவர்கள் படித்துவிட்டு, தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். பையன் அதை உடம்பால் கண்டுபிடித்தான். இதற்கு மேலே என்ன புரிய வேண்டும் என்கிறீர்கள்?

உள்ளே போனபிறகும் இதே கதைதான். எல் மோரோ ஆறு அடுக்கு. கடல் மட்டத்திலிருந்து 140 அடிக்கு மேல் எழும்பி நிற்கிறது. மேல் முற்றத்திலிருந்து கீழ் பீரங்கித் தளத்துக்கு நீளமான ஒரு சரிவுப் பாதை இறங்குகிறது. பீரங்கியை இழுத்துப் போகப் போட்ட பாதை. பெரியவர்கள் பக்கத்துப் படிகளில் இறங்கினார்கள். ஒன்றரை வயசுக்காரி படியைப் பார்த்ததும் நின்றுவிட்டு, சரிவைப் பார்த்ததும் குஷியாகத் தவழ்ந்து ஏறினாள். சக்கரமும் கனமும் உள்ளதற்குப் படி உதவாது, சரிவுதான் உதவும் என்பது முழங்கால் போன என் மனைவிக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. இருவரும் ஒரே வேகத்தில்தான் போனார்கள்.

சுவர்கள் சில இடங்களில் 18 அடிக்கு மேல் கனம். பேரன் சுவர் கனத்தினூடே போகும் வழியில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். பிறகு என்னை விரிக்கச் சொன்னான். பிறகு அவன் அப்பாவை. மூன்று பேர் கையும் போதவில்லை. சுவர்மூலைகளில் தொங்கும் குட்டிக் காவல் கூண்டுகளை அந்த ஊரில் ‘கரீட்டா’ என்கிறார்கள். தீவின் அடையாளமே அதுதான், கார் நம்பர் பிளேட்டில்கூடப் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு அளவெடுத்துச் செய்த வீடு மாதிரி இருக்கிறது. உள்ளே நின்று கத்தினால் குரல் சுற்றிச் சுற்றி வருகிறது. பின்னால் நாலு வெள்ளைக்காரக் குடும்பங்கள் வரிசையில் நின்றன. அவர்கள் குழந்தைகளும் கத்தத்தான் காத்திருந்தன.

குழந்தைகளோடு போனால் கோட்டைச் சுவரில் வெயில் காயும் இக்வானாக்களையும் பார்த்தே ஆகவேண்டும். நம்ம ஓணானுக்குப் பெரியப்பா அளவு. பல நூற்றாண்டு வரலாற்றை அது ஒரு நொடியில் தோற்கடித்துவிடும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

சான் கிறிஸ்டோபல் கோட்டையில் ஒரு நிலவறைச் சிறை இருக்கிறது. என்றோ அங்கே அடைபட்டிருந்த கைதி சுவரில் கப்பல்கள் வரைந்திருக்கிறான். பாய்மரம், கயிறு, கொடி எல்லாம் அவ்வளவு சரியாக இருக்கின்றன. கப்பலில் வாழ்ந்தவன்தான் வரைந்திருக்க வேண்டும். இப்போது அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். பேரன் ரொம்ப நேரம் பார்த்தான். வீட்டுச் சுவரில் கிரேயானால் கிறுக்கி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. “இந்த மாமாவை யாரும் திட்டலையா?” என்றான். மகள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். நண்பர்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கோட்டை என்பது கொல்வதற்காகக் கட்டிய இடம். அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? பீரங்கியைத் தொட்டுப்பார்த்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, “கெட்டவங்க யாரு?”

பக்கத்தில் ஒரு தகப்பனார் தன் பிள்ளைக்குக் கடற்கொள்ளைக்காரன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்ல எளிது, எனக்குச் சம்மதமில்லை. 1595-இல் இந்தக் கோட்டையைத் தாக்க வந்து முடியாமல் திரும்பிய டிரேக் இங்கிலாந்தில் வீரன், இங்கே கொள்ளைக்காரன். கோட்டைக்குள் இருந்த ஸ்பெயின்காரர்களோ, தீவின் பூர்வகுடிகளிடமிருந்து நிலத்தைப் பறித்தவர்கள். இதில் நல்லவன் எந்தப் பக்கம்? நான் சொன்னது: “உள்ள இருந்தவங்களுக்கு வெளிய இருக்கறவங்களப் பாத்தா பயம். வெளிய இருந்தவங்களுக்கு உள்ள இருக்கற சாமான் மேல ஆசை.” அவனுக்கு இரண்டுமே தெரிந்த விஷயம். தங்கையின் பொம்மை விவகாரத்தில் இரண்டு பக்கமும் நின்றவன்.

“இவ்ளோ கல்லை யாரு தூக்கினா?” என்று அடுத்து கேட்டான். ராஜா கட்டினார் என்று சொல்லிவிட்டு நகரலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். அது பொய். தூக்கியவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள்; கைதிகள் இருந்தார்கள். மூன்றரை வயசுக் குழந்தையிடம் சாட்டையைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதில் மகளுக்கும் எனக்கும் ஒரே அபிப்பிராயம். “நிறைய பேரு தூக்கினாங்க. காசு கொடுக்காம வேலை வாங்கினாங்க” என்றேன். “ஏன் கொடுக்கல?” என்றான். அன்று சாயங்காலம் வரை நாலு தடவை கேட்டான். நாலு தடவையும் “கொடுத்திருக்கணும்” என்றுதான் சொன்னேன். வயசுக்குத் தகுந்த மாதிரி குறைத்துச் சொல்லலாம். மாற்றிச் சொல்லக் கூடாது. பின்னால் பள்ளிக்கூடத்தில் முழுசாகப் படிக்கும்போது, தாத்தா கதைவிட்டார் என்று தோன்றக் கூடாது அல்லவா.

அவனுக்கு மிகவும் பிடித்த வரலாறு எது தெரியுமா? 1598-இல் கம்பர்லாண்டு பிரபு என்ற ஆங்கிலேயர் நிலவழியாகச் சுற்றி வந்து எல் மோரோவைப் பிடித்தேவிட்டார். ஆனால் படையில் வயிற்றுக்கடுப்பு பரவி ஆட்கள் சாக ஆரம்பித்ததால், சில வாரங்களிலேயே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. பீரங்கிக்குப் பயப்படாத படை வயிற்றுக்குப் பயந்து ஓடியது. இதை நான் ஐந்து முறை சொல்ல நேர்ந்தது. ஐந்து முறையும் தரையில் உருண்டு சிரித்தான்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. பீரங்கி மூக்கு நீட்டுவதற்காகச் சுவரில் விட்ட இடைவெளிகளுக்கு அந்தப் பக்கம் நேரே கடலும் பாறையும்தான். தளம் வழுக்கும், படிகள் ஏற்றத்தாழ்வாக இருக்கும். ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் என்று பேர் பிரித்துக்கொண்டு, கையை விடாமல் போக வேண்டும். போட்டோ எடுக்கிற ஆளைக் குழந்தைக்குக் காவலாகப் போடக் கூடாது. ஸ்ட்ரோலரும் அந்த ஊரில் பாதி இடத்தில் சுமைதான். நீலம் பூத்த கற்களைப் பாவிய தெருக்கள் பார்க்க அழகு, சக்கரத்துக்கு எமன்.

மாப்பிள்ளை நல்ல மனுஷன். ஆனால் கையில் ஒரு பட்டியல். ஒரே நாளில் இரண்டு கோட்டை, கவர்னர் மாளிகை, தேவாலயம், மாலையில் கடற்கரை. இளம் பெற்றோர்கள் எல்லோரும் இப்படித்தான் பயணம் போகிறார்கள், விடுப்பு கிடைப்பது அவ்வளவுதான் என்று எனக்கும் தெரியும். ஆனால் கோட்டைச் சீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஒரே சீட்டு இரண்டு கோட்டைக்கும் 24 மணி நேரம் செல்லும். பதினைந்து வயசு வரை குழந்தைகளுக்குக் கட்டணமே கிடையாது. மதியத்துக்கு மேல் ஒன்று, குழந்தைகள் தூங்கி எழுந்து மறுநாள் காலை மற்றொன்று. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை, “சரி மாமா” என்று பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். தேவாலயம் போகவில்லை. பதிலாக மர நிழலில் துருவிய ஐஸில் சர்பத் ஊற்றிக் கூம்பாகக் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட்டோம். அங்கே அதற்குப் பெயர் ‘பிராகுவா’. எனக்குச் சர்க்கரை என்பதால் இரண்டு வாய் மட்டும். (மனைவி இதைப் படிப்பாள்.)

“இதெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கவா போகிறது?” என்பது மிச்சமிருக்கிற கேள்வி. இருக்காது. மூன்று மூன்றரை வயசுக்கு முந்தியது பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. பேத்திக்கு நிச்சயம் ஒன்றும் நிற்காது. நண்பர் சொன்ன மாதிரி, கோட்டையும் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை. ஆனால் எனக்கு எழுபத்தொன்று. பையனுக்குப் பன்னிரண்டு ஆகும்போது எனக்கு எண்பது. அந்தச் சரிவில் என் மனைவியின் முழங்கால் இப்போதே பாதி வழியில் ஒரு திண்ணை தேடியது. புரிகிற வயசு வரட்டும் என்று காத்திருந்தால், வருகிறவர்களில் நாங்கள் இருக்க மாட்டோம். ஒளிய இடமில்லாமல் அவன் மைதானத்தின் நடுவே நின்ற காட்சி அவனுக்கு மறந்துபோகும். எனக்கு மறக்காது. அவனுக்கு வேண்டுமென்றால் எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை அவன் தமிழில் படிப்பானா என்பது வேறு விவகாரம். அதற்கான வேலையை அவன் பாட்டி தொடங்கியிருக்கிறாள். ‘ழ’ இன்னும் வரவில்லை.

டிசம்பரில் வருகிறார்கள். தரங்கம்பாடிக்கு அழைத்துப் போவதாக இருக்கிறேன். டென்மார்க்குக்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை, எல் மோரோவோடு ஒப்பிட்டால் கைக்குட்டை அளவு. பக்கத்திலேயே கடல். பேத்தி அதற்குள் படி ஏறப் பழகியிருப்பாள். நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லப்போவதில்லை. உள்ளே விட்டுவிட்டு, என்ன கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.