இதய வால்வு அறுவைச் சிகிச்சை: நோயாளியைக் கேட்டோமா?



2025 ஆகஸ்ட் மாதம் ஐரோப்பிய இதய மருத்துவர்கள், அறுவைச் சிகிச்சையாளர்கள் ஆகியோரின் கழகங்கள் இணைந்து வால்வு நோய்களுக்கான புதிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. அயோர்டா வால்வு கடுமையாகச் சுருங்கிப்போன 70 வயதைக் கடந்தோருக்கு, வால்வின் அமைப்பு இடம் கொடுத்தால், மார்பைத் திறக்காமல் இரத்தக்குழாய் வழியாகவே புதிய வால்வைப் பொருத்தலாம் என்று அவை பரிந்துரைக்கின்றன. 2021-ஆம் ஆண்டு நெறிகளில் இந்த வயது 75 ஆக இருந்தது. பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே 2002-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்த சிகிச்சை, இன்று இந்த அளவுக்கு வளர்ந்துள்ளது.

முதியவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் செய்தியின் ஒரு பாதி மட்டுமே நம் வீடுகளை வந்தடைகிறது. "நெஞ்சைத் திறக்காமலே இப்போது செய்கிறார்களாமே, நம் பிள்ளைக்கும் அப்படிச் செய்ய முடியாதா?" என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளையின் நோய் பெரும்பாலும் வேறு நோயாக இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

முதுமையில் சுண்ணாம்பு படிந்து அயோர்டா வால்வு இறுகுவது ஒருவகை. நம் நாட்டில் இளவயதினரை அதிகம் தாக்குவது வேறொருவகை. சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், அது ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, பல ஆண்டுகள் கழித்து மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஓர் இளம்பெண் சொல்லும்போதுதான் நோய் வெளியே தெரிகிறது. சிலருக்குக் கர்ப்பக் காலத்தில்தான் தெரியவருகிறது.

உடனே வீட்டில் ஆலோசனை தொடங்குகிறது. "எந்த ஆஸ்பத்திரி? யார் பெரிய டாக்டர்? எவ்வளவு செலவாகும்?" சித்தப்பா ஒரு பெயர் சொல்வார். மாமா இன்னொரு பெயர் சொல்வார். யாருடைய இதயமோ, அவரிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. "அவளிடம் சொன்னால் பயந்துவிடுவாள்" என்பார்கள். இது அன்பினால் வருவதுதான், மறுக்க முடியாது. ஆனால் அவர் இல்லாமல் எடுக்க முடியாத முடிவு இது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் கேள்வி, வால்வை மாற்றத்தான் வேண்டுமா என்பது. மைட்ரல் வால்வு சுருங்கி மட்டும் இருந்து, அதிகக் கசிவு இல்லாமல், மேலறையில் இரத்தக்கட்டியும் இல்லாமல், இதழ்கள் நெகிழ்வாக இருந்தால், பலூன் கொண்டு விரிக்கலாம். ஜப்பானிய மருத்துவர் இனோவே 1984-இல் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கும் மார்பைத் திறக்கத் தேவையில்லை. சில வால்வுகளை அறுவைச் சிகிச்சையில் பழுதுபார்த்தே காப்பாற்றலாம். ருமாட்டிக் நோயால் தடித்துப்போன வால்வில் அது கடினம். இரண்டும் இயலாதபோதுதான் மாற்று வால்வு.

மாற்று வால்விலும் இரு வகை உண்டு. உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுக்க வேண்டும். அளவு சரிதானா என்று அறிய ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் கட்டி உருவாகும். கூடினால் இரத்தக் கசிவு ஏற்படும். மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வுக்கு ஆயுள் முழுவதும் அந்த மாத்திரை வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ஆனால் அது தேய்ந்துபோகும். இளவயதினரில் விரைவாகவே தேயும். அப்போது இன்னொரு அறுவைச் சிகிச்சை காத்திருக்கும்.

இனி அந்த இளம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் குழந்தை வேண்டுமா? வார்ஃபரின் கருவின் தொடக்க மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. உலோக வால்வுடன் கர்ப்பம் தாங்குவது தாய்க்கும் ஆபத்தானது. அவர் வசிக்கும் ஊரில் இரத்தப் பரிசோதனை செய்ய இடம் உண்டா? கூலி வேலையை விட்டுவிட்டு அடிக்கடி பஸ் ஏறிப் போக முடியுமா? அல்லது இரண்டாவது அறுவைச் சிகிச்சையை ஏற்கும் மனம் இருக்கிறதா? இக்கேள்விகளுக்கான விடை எந்த எக்கோ அறிக்கையிலும் இல்லை. அவரிடம்தான் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டு நெறிகளும், வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது நோயாளியின் விருப்பத்தையும் வாழ்க்கைச் சூழலையும் கேட்டு, அவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன.

அப்படியானால் மருத்துவரைத் தேடுவது வீணா? இல்லை. ஆனால் பெயரைவிட அனுபவத்தைக் கேட்க வேண்டும். நியூயார்க் மாநிலத் தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆண்டுக்கு 25-க்கு மேல் மைட்ரல் வால்வு அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமான வால்வுகளை மாற்றாமல் பழுதுபார்த்துக் காப்பாற்றியது தெரியவந்தது. எனவே, "இந்த அறுவைச் சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? பலூன் சிகிச்சைக்கு வழியில்லையா? பழுதுபார்க்க முடியாதா? எந்த வால்வு, ஏன்?" என்று பணிவோடு கேட்கலாம். இதில் அவமரியாதை எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார்.

பணம் என்னும் சுமையையும் மறைக்க முடியாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் உருவான சித்ரா வால்வு, 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுகளின் விலையைக் கொடுக்க முடியாத எத்தனையோ ஏழைகளுக்கு அது வாழ்வளித்திருக்கிறது. விலை குறைந்ததாலேயே ஒரு வால்வு தாழ்ந்ததாகிவிடாது. அதே வேளையில் அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் தொகையை மட்டும் கணக்கிட்டால் போதாது. பிந்தைய ஆண்டுகளின் மாத்திரை, பரிசோதனை, பயணம் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். ருமாட்டிக் நோயாளிகள் பலருக்கு, வால்வு மாற்றிய பின்னும் பென்சிலின் ஊசி தொடர வேண்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் காலம் கிடைப்பதில்லை. படுத்தால் மூச்சுத் திணறுகிறது, மயக்கம் வருகிறது என்றால், நான்காவது கருத்துக்காக அலைவது உயிருக்கே உலையாகும். அவகாசம் இருக்கும்போது இரண்டாவது கருத்து ஒன்றைக் கேட்பது நல்லது. அதன்பின் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

"எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று நோயாளியே சொல்லவும் கூடும். அதுவும் அவருடைய முடிவுதான், மதிப்போம். ஆனால் கேட்காமலே அவர் சார்பில் முடிவெடுப்பது வேறு. அடுத்த முறை மருத்துவரின் அறைக்குள் நுழையும்போது, நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போகாதிருப்போம். வால்வோடு வாழப்போகிறவர் அவர்தான். முதல் நாற்காலி அவருக்கே உரியது.