பலாலி: விமானத்துக்கு எத்தனை பரப்பு வேண்டும்?

பலாலி விமான நிலையத்தை வளர்க்க வேண்டுமென்று ஒரு சாரார் கூறுகின்றனர். பலாலி மண்ணை அதனை உழுதவனிடமே திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று மற்றொரு சாரார் கூறுகின்றனர். இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றையொன்று வெட்டுவன போன்றதொரு மயக்கம் நம்மிடையே பரவியுள்ளது. படித்த உத்தியோகத்தர் விமானத்தின் பக்கம், கமக்காரர் காணியின் பக்கம் என்று நம்மவரையே இரு கூறாக நிறுத்தி வைப்பதற்கு இம்மயக்கம் நன்கு உதவுகின்றது. இத்தளத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு அது தெளிந்துவிடும்.

1942 ஏப்பிரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு பொழிந்தன. அந்தப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை பலாலியிலும் ஒரு தளம் அமைத்தது. காங்கேசன்துறைத் தளம் என்றே அவர்கள் அதனை அழைத்தனர். போர் முடிந்தது, வெள்ளைக்காரப் படை சென்றது, ஓடுபாதை நமக்கு எஞ்சியது. 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனம் தன் முதற் சேவையை நடத்தியபோது, ‘சீதா தேவி’ என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையில் எழுந்து, இங்கே இறங்கி, பின்னரே சென்னைக்குப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெறுமுன்னரே, அதன் விமான நிறுவனத்தின் முதற் பயணம் வடபுலத்து மண்ணைத் தொட்டுத்தான் சென்றது என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவர்?

1960 களின் தொடக்கத்தில் யான் சிறுவன். வசாவிளானில் என் பெரியப்பாவுக்கு ஒரு தோட்டம் இருந்தது. பள்ளி விடுமுறைக் காலைகளில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவது என் வேலை. அவரிடம் கடிகாரம் கிடையாது. தெற்கே இரைச்சல் கேட்டு, வெள்ளி மின்னியது போல் விமானம் தாழ்ந்து வரும்போது, “கொழும்புப் பிளேன் இறங்கிட்டுது மோனை, இனி இறைப்பை நிப்பாட்டு” என்பார். வேலை முடிந்ததும் சைக்கிளில் ஓடிப்போய், பூவரச நிழலில் நின்று பார்ப்போம். ஓடுபாதையின் ஓரத்துப் புல்லில் ஆடுகள் மேய்ந்தன. அவற்றை விரட்டுவதற்கென்றே ஒருவர் கம்பும் கையுமாக நடப்பார். விமானத்திலிருந்து பிரக்கிராசியார் இறங்குவார், வைத்தியர் இறங்குவார், கொழும்பில் கடை வைத்திருக்கும் முதலாளி இறங்குவார். (எழுதுவினைஞருக்கு யாழ்தேவியும் அரசாங்க ‘வாரண்டு’மே கதி என்பது வேறு விடயம்.) திருச்சிக்குப் பறப்பதற்கு ஒரு மணி நேரமும் ஆகாது. கல்யாணச் சேலை எடுக்க அங்கே போய்வந்தோரும் உண்டு. வேலிக்கு இப்புறம் வெங்காயமும் புகையிலையும் செழித்தன. அப்புறம் விமானம் இறங்கிற்று. ஒன்றினால் மற்றொன்று கெட்டதாக அக்காலத்தில் எவரும் முறையிட யான் கேட்டதில்லை.

கெடுத்தது விமானமன்று, போர். 1987 இல் இந்தியப் படை இங்கே வந்திறங்கிற்று. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது பலாலி, வசாவிளான், மயிலிட்டி, கட்டுவன், குரும்பசிட்டி முதலாய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு பெயர்ந்தனர். தளம் கோட்டையாயிற்று, தோட்டங்கள் பாதுகாப்பு வலயமாயின. பயணிகளுக்கும் அது பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதிலிருந்த 55 பேரும் மன்னார்ப் பக்கத்துக் கடலில் மாண்டனர்.

2009 இல் போர் முடிந்தது. 1945 இல் போர் முடிந்தபோது நிகழ்ந்தது இம்முறை நிகழவில்லை. 2013 இல், வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கரைக் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ்ச் சுவீகரிப்பதற்கு அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்பது அவற்றிற் கண்ட வாசகம். அந்த உரிமையாளரோ சில மைல் தொலைவிலுள்ள முகாம்களில், உறுதிகளைத் தகரப் பெட்டிகளிற் பூட்டி வைத்துக்கொண்டு இருந்தனர்! ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். அதன் பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. இன்னும் மீளாதவையும் உள.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நம் கமக்காரர் கணக்கில் ஏக்கருக்குப் 16 பரப்பு. ஆகவே 6,381 ஏக்கர் என்பது ஓர் இலட்சம் பரப்புக்கு மேல். இரண்டு மைல் நீளமும் அரை மைல் அகலமும் கொண்ட நிலத்தை ஒரு விமான நிலையத்துக்குத் தாராளமாகவே ஒதுக்குவோம். அது 640 ஏக்கர். கேட்டதிற் பத்திலொரு பங்கு. எஞ்சிய ஒன்பது பங்கு எந்த விமானம் இறங்குவதற்கு? இறங்குபாதையின் நேரே உயர்ந்த மரமும் மாடியும் ஆகா என்பர். ஒப்புக்கொள்வோம். ஆயின் வெங்காயம் எந்த விமானத்தின் சக்கரத்தையும் தட்டுமளவுக்கு வளர்வதில்லை. அதே செம்பாட்டு மண்ணிற் படைத்தரப்பே மரக்கறி பயிரிட்டதை நாடறியும். படைவீரன் நட்ட கத்தரிக்காயால் வராத ஆபத்து, கமக்காரன் நட்டதால் மட்டும் வருமோ?

விமான நிலையம் வேண்டாமென்று கூறுவோருடனும் நாம் உடன்படோம். 2019 ஒக்டோபர் 17 அன்று அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாத் தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் மற்றொரு நிறுவனமும் அவ்வழியிற் பறக்கத் தலைப்பட்டது. சிகிச்சைக்குச் சென்னை செல்லும் நோயாளி இரவிரவாகப் பஸ்ஸிற் கட்டுநாயக்காவுக்கு அலைய வேண்டியதில்லை என்பது சிறிய நன்மையன்று. வெளிநாட்டுப் பிள்ளைகளைக் காண வழிபார்த்திருக்கும் முதியோரைக் கேட்டுப் பாருங்கள். மயிலிட்டி மீனும் நம் தோட்டத்துப் பழமும் இவ்வழியே சந்தைக்குப் போகும் நாளும் வரவேண்டும். ஆனால், அனுப்புவதற்குப் பழம் வேண்டுமாயின் முதலில் தோட்டம் வேண்டுமல்லவா?

ஆதலின் உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒன்றாய் நின்று கேட்கவேண்டியது ஒன்றே. விமானப் போக்குவரத்துக்கு மெய்யாகத் தேவைப்படும் எல்லை எது என்பதை அரசாங்கம் நில அளவை செய்து, தமிழில் எழுதிய வரைபடமாக வெளியிடட்டும். அவ்வெல்லைக்கு உள்ளே அகப்படும் காணிக்கு இன்றைய பெறுமதியில் நட்டஈடு கொடுக்கட்டும். வெளியே உள்ளவற்றைக் கிணறும் பாதையும் திருத்தி, உறுதிக்காரரிடம் ஒப்படைக்கட்டும். அந்த வரைபடத்தைத் தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தின் வாசலில் ஒட்டுவதற்கு ஒரு நாள் போதும். உரிமையாளரைக் காணோம் என்ற அறிவித்தலை ஒட்டுவதற்கு 2013 இல் நேரம் கிடைத்ததல்லவா?