கொயோத் வேட்டையும் ஒரு குமாஸ்தாவின் கணக்கும்

போன குளிர்காலம் முழுவதும் டெக்சஸில் சான் ஆஞ்சலோ என்ற ஊரில், மகள் வீட்டில் இருந்தேன். வாய்க்கால் ஓரம் நடப்பதும் மருந்து சாப்பிடுவதுமாகப் போயிருக்க வேண்டிய 3 மாதங்கள். அதைக் கெடுத்தவன், அல்லது காப்பாற்றியவன், என் பேரன். அவனுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறான். கூடப் படிக்கும் பையன்கள் போகிறார்கள் என்று இவனுக்கும் கொயோத் வேட்டை ஆசை வந்துவிட்டது.

முதலில் பெயர். மகள் 'கயோட்டி' என்கிறாள். பக்கத்துப் பண்ணைக்காரர் 'கையோட்' என்று இரண்டே அசையில் முடிக்கிறார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது 'கொயோத்'தான். மூலம் மெக்சிகோவின் நாவாட்டில் மொழிச் சொல் என்பதால் நாங்கள் மூவருமே தப்பு. பார்க்க நம் ஊர்க் குள்ளநரியின் பெரிய அண்ணன் மாதிரி இருக்கும். எடை 10 முதல் 20 கிலோ வரை. லா ஃபோந்தேன் கதைகளில் நான் மனப்பாடம் செய்த நரிகளைவிடப் புத்திசாலி என்பதைப் பிறகு நேரில் கண்டேன்.

ஒரு நாள் இரவு மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் பெரிய சண்டை. பையன் கடன் அட்டையில் வாங்கப்போகும் சாமான்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தான். இருட்டில் உடல் வெப்பத்தைக் காட்டும் தெர்மல் ஸ்கோப், முயல் அலறலைப் போடும் மின்கருவி, புள்ளி போட்ட உடை, புதுத் துப்பாக்கி எல்லாம் அதில் இருந்தன. தெர்மல் ஸ்கோப் நல்லதாக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் டாலர். மாப்பிள்ளை வேட்டையே கூடாது என்றார். நான் குறுக்கே புகுந்து, "டேய் தம்பி, அந்தக் காகிதத்தை இப்படிக் கொடு" என்றேன். வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் மற்றவர்களின் கொள்முதல் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். இதை விடுவேனா?

என் கருத்து இதுதான். முதல் வருஷ வேட்டைக்காரன் வாங்க வேண்டிய முதல் சாமான் பைனாகுலர். துப்பாக்கி இரவல் கிடைக்கும். பைனாகுலர் இல்லாமல் புதருக்குள் உட்காரவே கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் சட்டம். டெக்சஸில் கொயோத்துக்கு வேட்டைக் காலம் என்று ஒன்றும் கிடையாது, வருஷம் முழுக்கச் சுடலாம், எண்ணிக்கை வரம்பும் இல்லை. உள்ளூர்வாசிக்கு உரிமம் 25 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். 17 வயது தாண்டியவர்கள் இணையத்திலேயே முடிக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத எனக்குப் பிறந்த தேதியின் தயவில் அந்த வகுப்பு தேவையில்லை! பேரன் மட்டும் உட்கார்ந்து படித்தான். கூடவே நானும் படித்தேன்.

அடுத்தது நிலம். அந்த மாநிலத்தில் பெரும்பாலான நிலம் தனியார் கையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வேலி தாண்டினால் அது குற்றம். அனுமதிக்குக் காசு வேண்டாம், வாய் வேண்டும். சான் ஆஞ்சலோ சுற்றுவட்டாரம் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பேர்போனது. குட்டி போடும் காலத்தில் கொயோத் அங்கே பெரிய தொல்லை. பேரனைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பகல் வெளிச்சத்தில், குளித்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அவருக்கு வேலி முட்டுக் கட்டிக் கொடுத்தான். மாலையில் அனுமதி கிடைத்தது. வீட்டில் சும்மா கிடந்த பழைய .223 போல்ட் துப்பாக்கியையும் அவரே இரவல் தந்தார்.

பட்டியலில் மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன். மின்கருவிக்கு இருநூறு, முந்நூறு டாலர் ஆகும். வாயால் ஊதும் முயல் அலறல் ஊதல் 15 டாலருக்குக் கிடைக்கிறது. அதுவும் இல்லாவிட்டால், புறங்கையில் உதட்டை அழுத்தி உறிஞ்சினால் எலி கீச்சிடுவது போல ஒலி வரும். கிட்டே வந்துவிட்ட கொயோத்துக்கு அதுவே போதும். புள்ளி உடைக்குப் பதில் மாப்பிள்ளையின் பழைய காக்கிச் சட்டை. அசையாமல் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு புதர் இருந்தால் நிறம் அவ்வளவு முக்கியமில்லை. துப்பாக்கி தாங்கத் தோட்டத்து மூங்கில் குச்சி இரண்டைச் சேர்த்துக் கட்டினோம். காற்றின் திசை பார்க்கக் காலியான கண்மருந்துப் புட்டியில் என் மனைவியின் முகப்பவுடரை நிரப்பிக்கொண்டோம். ஒரு அழுத்து அழுத்தினால் தூள் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

இந்தக் காற்று விஷயம்தான் முழு வேட்டையும். கொயோத் சத்தத்தை நோக்கி நேராக வராது. சுற்றி வளைத்து, காற்று வீசிப் போகும் பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். மனித வாடை ஒரு தடவை பட்டால் போதும், திரும்பிப் பார்க்காமல் போய்விடும். எனவே அது சுற்றிவரப்போகும் பக்கம் திறந்த வெளியாகத் தெரியும்படி உட்கார வேண்டும். சூரியன் நம் முதுகில் இருக்க வேண்டும். வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, கதவை அறையாமல் சாத்தி நடக்க வேண்டும். விடியலில் போய், கொஞ்சம் ஊதி, நிறுத்தி, 20 நிமிடம் காத்திருந்து, ஒன்றும் வராவிட்டால் இடம் மாற்ற வேண்டும். இதில் எதற்கும் கடன் அட்டை தேவைப்படவில்லை.

பழைய பைனாகுலர் ஒன்று 60 டாலருக்குக் கிடைத்தது. ஸ்கோப்பிலேயே பார்க்கலாமே என்று பேரன் முனகினான். ஸ்கோப்பில் பார்ப்பது என்றால் துப்பாக்கியை நீட்டிப் பார்ப்பது என்று அர்த்தம். தெரியாத ஒன்றை அப்படிப் பார்க்கக் கூடாது.

மூன்றாவது நாள் விடியலில் நானும் போயிருந்தேன். நல்ல குளிர், என் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. பேரன் ஊதி 10 நிமிடம் இருக்கும். இடது பக்கப் புதருக்குள் வெளிறிய உருவம் ஒன்று, தலையைத் தாழ்த்தி, வளைந்து வளைந்து வந்தது. பையன் கை துப்பாக்கிக்குப் போனது. "தாத்தா, வருது வருது" என்று கிசுகிசுத்தான். நான் பைனாகுலரை அவன் மடியில் போட்டேன். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டான். வந்தது பண்ணைக்காரரின் காவல் நாய். பிரேனே மலையிலிருந்து வந்த பெரிய வெள்ளை இனம், குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வது. முயல் அலறுவது கேட்டு என்னவென்று பார்க்க வந்திருக்கிறது.

வீடு திரும்பும்வரை அவன் பேசவில்லை. பிறகு தானாகவே போய்ப் பண்ணைக்காரரிடம் நடந்ததைச் சொன்னான். சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

மாப்பிள்ளையின் கட்சி பற்றியும் சொல்ல வேண்டும். கொயோத்தை எத்தனை கொன்றாலும் கூட்டம் குறைவதில்லை, காலியான இடத்துக்கு வெளியிலிருந்து வேறு வந்துவிடும் என்றார். உண்மைதான். 200 வருஷமாகச் சுட்டும் விஷம் வைத்தும் பார்த்துவிட்டார்கள். அது மேற்குச் சமவெளியிலிருந்து கிளம்பி நியூயார்க் வரைக்கும் போய்விட்டது. யார் அதிகம் கொல்வது என்று பரிசு வைத்து நடத்தும் போட்டிகள் எனக்கும் அருவருப்புத்தான். கலிபோர்னியா 2014இல் அதைத் தடை செய்தது சரியே. ஆனால் குட்டி போட்ட ஆடுகளை இழந்துகொண்டிருக்கும் ஒரு பண்ணையில், குட்டிகளைப் பிடித்துப் பழகிய ஒரு கொயோத்தைச் சுடுவது வேறு விஷயம். அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று சமாதானம்.

நான் ஊர் திரும்பி 2 மாதமாகிறது. பண்ணைக்காரர் இப்போது பின்பக்கக் கதவின் பூட்டு எண்ணையும் பேரனிடம் கொடுத்துவிட்டாராம். சென்ற வாரம் ஒரு கொயோத் 60 கஜத்தில் வந்து நின்றதாம், இவன் தவறவிட்டானாம். அதோடு, மின்கருவி வாங்கும் கோரிக்கையை மறுபடி எனக்கு அனுப்பியிருக்கிறான். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.