பொறுப்பு என்னும் போர்வை

போர் நடக்கும் நாட்டிற்குச் சென்று, அங்கே பிணையாகப் பிடிபட்ட செய்தியாளரைப் பார்த்து, 'இவரை அங்கே யார் போகச் சொன்னார்கள்?' என்று கேட்பது இக்காலத்தில் பெரிய அறிவுடைமை போல் ஆகிவிட்டது. கேட்பவர் தம் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காதவர். ஆயினும் அங்கே விழும் குண்டையும் மடியும் குழந்தையையும் காலையில் தாளிகையில் படிப்பவர். மாலையில் தொலைக்காட்சியில் பார்ப்பவர். அச்செய்தி வானத்திலிருந்து தாமே வந்து விழுந்தது என்று எண்ணுகின்றார் போலும்! செய்தி மட்டும் அவருக்கு வேண்டும். அதனைக் கொணர்பவர்க்கு நேரும் இடரில் ஒரு துளியும் வேண்டா. இஃது அறிவுடைமையன்று, நன்றி கொன்ற தன்மை.

இவ்வினா எளிய மக்களின் வாயில் தானாகப் பிறந்ததுமன்று. அஃது ஆட்சியாளர் ஊட்டிய வினா. தன் போர்க் கொள்கைக்கு மக்களிடம் விடை சொல்ல வேண்டிய நெருக்கடி ஓர் அரசுக்கு வரும்போதெல்லாம், அவ்விடையைச் சொல்லாமல் நழுவுவதற்கு இவ்வினா கைகொடுக்கின்றது. சப்பானில் நடந்தவை இதற்குத் தெளிவான சான்றாகும்.

2003-இல் அமெரிக்கா ஈராக்கின்மேல் படையெடுத்தது. அப்படையெடுப்பிற்குத் துணைநின்ற சப்பானியத் தலைமையமைச்சர் கொய்சுமி, 2004-இன் தொடக்கத்தில், ஏறத்தாழ 600 பேர் கொண்ட தற்காப்புப் படையை ஈராக்கின் சமாவா நகர்க்கு அனுப்பினார். போரைத் துறப்பதாகக் கூறும் அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவுக்கு இஃது ஒக்குமா என்று சப்பானியரே பலர் கேட்டுக்கொண்டிருந்தனர். அந்நிலையில்தான், 2004 ஏப்பிரலில், சப்பானியர் மூவர் ஈராக்கில் பிடிபட்டனர். ஒருவர் தெருச் சிறுவர்க்குத் தொண்டு செய்யச் சென்ற பெண். ஒருவர் புகைப்படச் செய்தியாளர். மற்றொருவர் பள்ளிப் படிப்பை அண்மையில் முடித்த இளைஞர். மூன்று நாளில் படையைத் திரும்பப் பெறாவிடின் மூவரையும் உயிரோடு கொளுத்துவோம் என்றனர் பிடித்தவர். படை திரும்பாது என்றார் கொய்சுமி. ஈராக்கியச் சமய அறிஞர்களின் முயற்சியால், ஒரு கிழமை அளவில் மூவரும் உயிரோடு விடுவிக்கப்பட்டனர்.

உயிர் மீண்டு வந்தவர்களைத் தாய்நாடு எவ்வாறு வரவேற்றது? 'செய்த வினைக்கு ஏற்ற பயன்' என்னும் பொருள்பட எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வானூர்தி நிலையத்தில் சிலர் நின்றனர். அவர்களின் குடும்பத்தார்க்கு வசைமடல்கள் வந்து குவிந்தன. வானூர்திக் கட்டணத்தைக் கட்டுமாறு அரசே அவர்களைக் கேட்டது. குற்றவாளிகளைப் போல் தலைகவிழ்ந்து அம்மூவரும் வீடு சேர்ந்தனர். ஆனால், படையெடுத்த அமெரிக்காவின் வெளியுறவுச் செயலர் கோலின் பவலோ, இத்தகையோரைத் தம் குடிமக்களாகப் பெற்றமைக்குச் சப்பானியர் பெருமைப்பட வேண்டும் என்று கருத்துரைத்தார். அயலார்க்குத் தெரிந்த சிறப்பு சொந்த நாட்டு ஆட்சியாளர்க்குத் தெரியாமற் போனது எத்துணைப் பெரிய இழிவு!

அன்று சப்பான் முழுவதும் முழங்கிய சொல் 'சிகோ செகினின்' என்பது. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது அதன் பொருள். கேட்பதற்கு அறமொழி போன்றே இருக்கின்றது. ஆனால், அதனை யார், எப்பொழுது, யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதையன்றோ எண்ணிப் பார்க்க வேண்டும்? 'படையை ஏன் அனுப்பினீர்?' என்று மக்கள் அரசைக் கேட்க வேண்டிய வேளை அது. அவ்வேளையில் அவ்வினா மறைந்தது. 'இவர்கள் ஏன் போனார்கள்?' என்னும் வினா அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அறுநூறு படைஞரை அனுப்பியவரின் பொறுப்பு மூன்று எளியவர் தலையில் ஏற்றப்பட்டது. ஒரு சொல்லைக் கொண்டு ஒரு நாட்டின் கண்ணைக் கட்டிவிட முடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையில்லை.

பொறுப்பு என்னும் தமிழ்ச்சொல் 'பொறு' என்னும் அடியிற் பிறந்தது. பொறுத்தல் என்பது சுமத்தல், தாங்குதல், பிறர் பிழையைப் பொறுத்துக்கொள்ளுதலும் அதுவே. எனவே, சுமையைத் தன் தோளில் ஏற்றுக்கொள்பவனே பொறுப்புடையவன். தன் தோளிலிருந்ததை இறக்கி, மெலிந்தவன் தலையில் வைத்துவிட்டு, அதற்குப் பொறுப்பு என்று பெயரிடுபவன் அச்சொல்லையே கொலை செய்கின்றான். சொல்லின் பொருளைக் கெடுப்பவர் முதலில் மொழியைக் கெடுக்கின்றனர். பின்பு மக்களின் மனத்தைக் கெடுக்கின்றனர். எந்நாட்டிலும் வல்லாண்மை இவ்வழியாகவே உள்ளே நுழைகின்றது.

இப்பழக்கம் 2004-உடன் நின்றுவிடவில்லை. கெஞ்சி கோத்தோ என்னும் செய்தியாளர் 2014 அக்தோபரில் சிரியாவுக்குள் சென்றார். அங்கே முன்னரே பிடிபட்டிருந்த தம் நாட்டவர் ஒருவரை மீட்க வழி தேடியே அவர் சென்றார். தமக்கு எது நேரினும் அது தம் பொறுப்பே என்றும், சிரிய மக்கள்மேல் பழி சுமத்த வேண்டா என்றும் அவர் படக்கருவியின்முன் கூறிவிட்டே சென்றார். பொறுப்பு என்பதன் முழுப்பொருளும் அங்கே இருந்தது. 2015 சனவரி 17-இல் தலைமையமைச்சர் அபே கெய்ரோவில் நின்று, இசுலாமிய அரசு என்னும் கொலைக்கூட்டத்தை எதிர்கொள்ளும் நாடுகளுக்கு 20 கோடி தாலர் தருவதாக அறிவித்தார். மூன்றாம் நாளே அக்கூட்டம் இருவர் உயிருக்கும் அதே 20 கோடி தாலரை விலையாகக் கேட்டது. அத்திங்கள் முடிவதற்குள் இருவரையும் கொன்றது. அதன்பின், ஆளுங்கட்சியின் துணைத்தலைவர் கோத்தோவின் செயலை முரட்டுத் துணிச்சல் என்றார். அடுத்த திங்களே, சிரியாவுக்குச் செல்ல முனைந்த மற்றொரு புகைப்படச் செய்தியாளரின் கடவுச்சீட்டை வெளியுறவு அமைச்சு பறித்துக்கொண்டது. மாண்டவன் பட்ட துயரைக் காட்டி, இருப்பவனின் கால்களைக் கட்டினர்.

சூம்பெய் யாசுதா என்பவர் 2015 சூனில் சிரியாவில் பிடிபட்டு, 40 திங்கள் சிறையிருந்து, 2018 அக்தோபரில் விடுதலையானார். அவர்க்காக உருகியோரும் இருந்தனர்; இணையத்தின் வழியே வசை பொழிந்தோரும் இருந்தனர். நவம்பர் 2-இல் தோக்கியோவில் செய்தியாளர் முன்னிலையில் அவர் தலைவணங்கிப் பொறுத்தருளுமாறு வேண்டினார். மூன்றாண்டுகளுக்கு மேல் வதைபட்டவர் வதைக்கப்பட்டதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது! 2019-இல் அவர்க்குக் கடவுச்சீட்டும் மறுக்கப்பட்டது. எந்நாட்டுக்கும் செல்லவொட்டாமல் தடுத்த அச்செயல் சட்டத்திற்கு மாறானது என்று தோக்கியோ மாவட்ட முறைமன்றம் 2024 சனவரியில் தீர்ப்பளித்தது. சிரியச் சிறையில் 40 திங்கள். அதன்பின் சொந்த நாட்டின் எல்லைக்குள் நான்காண்டுக்கு மேல். இவற்றுள் எது பிணைப்பிடிப்பு, எது ஆட்சி என்று கேட்டால், சினங்கொள்வதைத் தவிர ஆட்சியாளர்க்கு வேறு விடையில்லை.

இது சப்பானியர்க்கே உரிய குறை என்று எவரும் தேறிவிட வேண்டா. உரிமைக்குப் பெயர்போன பிரான்சிலும் இதுவே நடந்தது. பிரான்சியப் படை நிலைகொண்டிருந்த ஆப்கானித்தானத்துக் கபீசாப் பகுதியில், 2009 திசம்பர் 30-இல், தொலைக்காட்சிச் செய்தியாளர்களாகிய எர்வே கெசுக்கியேரும் இசுத்தெபான் தப்போனியேயும் துணைவந்த ஆப்கானியர் மூவரோடு பிடிபட்டனர். சில கிழமைக்குள், குடியரசுத் தலைவர் சர்க்கோசியின் தலைமைச் செயலர் கெயான், அவ்விருவரின் செயலைக் குற்றமான முன்னெச்சரிக்கையின்மை என்று பழித்தார். அடுத்த திங்கள், படைத் தலைமையதிகாரி, அவர்களைத் தேடுவதற்கு ஒரு கோடி யூரோவுக்கு மேல் செலவாகிவிட்டது என்று கணக்குக் காட்டினார். ஆப்கானிய மண்ணில் பல்லாண்டு படை வைத்திருந்ததற்கு ஆன செலவை அந்த அளவுக்கு ஆர்வத்துடன் மக்கள்முன் எண்ணிக் காட்டினாரா? செய்தியாளர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. பாரிசு நகர மன்றக் கட்டடத்தில் இருவர் படங்களும் தொங்கவிடப்பட்டன. ஊர்தோறும் மக்கள் கூடினர். 547 நாள் கழித்து, 2011 சூன் 29-இல் இருவரும் விடுதலையாயினர். அங்கும் மக்கள் இருபாற்பட்டனர். ஆயினும், பழிக்கும் குரலுக்கு எதிராக எழுந்து நிற்கும் முதுகெலும்பு ஒரு பெரும்பகுதி மக்களுக்கு இருந்தது. வேறுபாடு அதுவே.

பழிப்போர் தரப்பிலும் தள்ளிவிட முடியாத வினாக்கள் உண்டு. பிணைக்குப் பொருள் கொடுத்தால் கடத்துவோர் பெருகாரோ? மீட்கச் செல்லும் படைஞர் இறந்தால் அவ்வுயிருக்கு யார் விடை சொல்வது? இவை பொய்யான வினாக்கள் அல்ல. 2009 செப்தம்பரில் ஆப்கானித்தானத்துக் குந்தூசில், கடத்தப்பட்ட எண்ணெய் ஊர்திகளின்மேல் நேட்டோ வானூர்திகள் குண்டு வீசின. பொதுமக்கள் பலர் மாண்டனர். அதனை நேரில் கண்டறியச் சென்ற நியூயார்க்கு டைம்சு தாளிகையின் மேலைநாட்டுச் செய்தியாளரும், அவர்க்குத் துணையாகச் சென்ற ஆப்கானியச் செய்தியாளர் சுல்தான் முனாதியும் பிடிபட்டனர். பிரித்தானியப் படை புகுந்து மீட்டபோது, படைஞர் ஒருவரும் மாண்டார், முனாதியும் மாண்டார். மேலைநாட்டவர் வானூர்தியில் ஏறினார்; முனாதியின் உடல் அங்கேயே கிடந்தது. முன்னறிவிப்பை மீறி அவர் ஏன் போனார் என்று பிரித்தானியாவில் கேட்டனர். முனாதியின் உடலை ஏன் விட்டுச் சென்றீர் என்று காபூலில் ஆப்கானியச் செய்தியாளர்கள் கேட்டனர். இரண்டாவது வினாவுக்கு எத்தனை பேர் செவி கொடுத்தனர்?

இங்கேதான் இப்பூசலின் அடியாழத்தில் கிடக்கும் கொடுமை வெளிப்படுகின்றது. பழிப்போரும் போற்றுவோரும் மேலைநாட்டவர் உயிரையும் சப்பானியர் உயிரையும் பற்றியே வழக்காடுகின்றனர். அவர்க்கு ஊர்தி ஓட்டியவன், மொழிபெயர்த்தவன், வழி காட்டியவன் ஆகியோரின் உயிர் அவ்வழக்கில் ஏறுவதே இல்லை. 2007 மார்ச்சில் 'லா ரெபுப்ளிகா' என்னும் இத்தாலியத் தாளிகையின் செய்தியாளர் மாசுத்ரோசாக்கோமோவும், ஓட்டுநர் சையது ஆகாவும், மொழிபெயர்ப்பாளர் அச்மல் நக்சுபந்தியும் எல்மந்துப் பகுதியில் தாலிபானிடம் சிக்கினர். ஓட்டுநரைத் தலையறுத்துக் கொன்றனர். இத்தாலியர்க்கு மாற்றாகச் சிறையிலிருந்த தாலிபானியர் ஐவரை ஆப்கானிய அரசு விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். நக்சுபந்தி திரும்பவில்லை. அவர்க்காக மீண்டும் மாற்றுச் செய்ய அரசு மறுத்தது. ஏப்பிரல் 8-இல் அவரும் கொல்லப்பட்டார். அயலானுக்கு ஐவர், சொந்தக் குடிமகனுக்கு ஒருவருமில்லையா என்று ஆப்கானியர் நெஞ்சு வெடித்துக் கேட்டனர். அவ்விளைஞர் தம் சொந்த நாட்டில், தம் சொந்த மக்களின் துயரை உலகுக்கு மொழிபெயர்த்தவர். 'அங்கே யார் போகச் சொன்னது?' என்று அவரைப் பார்த்து எந்த அறிவாளி கேட்பான்? அவர் பிறந்த மண்ணே அதுவன்றோ!

கடத்துவோரின் கயமையை எக்கொள்கையின் பெயராலும் மூடி மறைத்தல் ஆகாது. பிணைப்பிடித்தலை 1949-ஆம் ஆண்டுச் செனீவா உடன்படிக்கைகள் தடுத்துள்ளன. போர்க்களத்தில் தம் பணி செய்யும் செய்தியாளர் பொதுமக்களாகவே கருதப்படல் வேண்டும் என்று, 1977-இல் எழுந்த கூடுதல் நெறிமுறையின் 79ஆம் பிரிவு கூறுகின்றது. படைக்கலமில்லாதவனைக் கட்டிவைத்து விலை பேசுபவன் எந்த விடுதலைக்கும் உரியவன் அல்லன். 'ஒற்றன்' என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கொன்றுவிடுவது அவனுக்கு எளிது.

அச்சொல் புதியதன்று. சோழர் இருவர் தம்முட் பகைத்திருந்த காலத்தில், நலங்கிள்ளியிடமிருந்து உறையூர்க்குட் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்றன் என்று கருதிக் கொல்லப் புகுந்தான் நெடுங்கிள்ளி. கோவூர்கிழார் குறுக்கே சென்று நின்றார். புலவர் வாழ்வு எவர்க்கும் தீங்கு நினையாத வாழ்வு என்று எடுத்துரைத்து அவ்வுயிரைக் காத்தார். புறநானூற்றின் 47ஆம் பாட்டு அதற்குச் சான்று. போர் மூண்டிருக்கும்போது இளந்தத்தன் ஏன் உறையூர்க்குப் போனான் என்று அப்பெருமகனார் கேட்கவில்லை. வாளை ஓங்கியவனை நோக்கித்தான் அவர் பேசினார். வாளின்கீழ் நின்றவனை நோக்கியன்று. மாந்தர் இருபாற்பட்டு நிற்கும் வேளையில் எப்பக்கம் முகம் திருப்பிப் பேச வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான நெறி வேறொன்றில்லை.

ஆகவே, செய்தியாளர் எவரும் பிழையே செய்யார் என்பது இங்கே கூற்றன்று. ஆய்ந்து செல்லுதல் அவர் கடமை. தம் ஊழியரை அனுப்ப அஞ்சி, தனித்துத் திரியும் செய்தியாளரிடம் மலிவு விலைக்குப் படம் வாங்கும் பெருந்தாளிகைகள், அவர்க்குப் பயிற்சியும் காப்பீடும் அளித்தல் கடமை. துணைவந்த உள்நாட்டானையும் தம்மவனாகவே எண்ணி மீட்டல் அரசுகளின் கடமை. மீண்டு வந்தபின் அவர் செய்த பிழையை அமைதியாக ஆராய்தல் எவர்க்கும் உரிமை. ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது கணக்குக் கேட்பவன் கத்தி பிடித்தவனுக்கே துணையாகின்றான். சான்று சொல்ல எவருமில்லாத போரையே ஆட்சியாளரும் விரும்புகின்றனர், கொலைக்கூட்டத்தாரும் விரும்புகின்றனர். செய்தியாளரைப் பழிக்கும் பொதுமக்கள், தாம் அறியாமலே, அவ்விருவர் விருப்பத்தையும் ஒருங்கே நிறைவேற்றித் தருகின்றனர். அறிய வேண்டும் என்னும் உரிமையுடைய மக்கள், அறிவிக்கச் சென்றவரைத் தாங்கும் பொறுப்பும் உடையவராவர். அப்பொறுப்பைத் தாங்க மறுக்கும் நாட்டில், நாளை குண்டு விழும்போது, அதனை உலகுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் வாரார்.