கைதிக்கு ஒரு கல், அகதிக்கு?

தோப்பூர்ப் பக்கத்திலிருந்து கல்விச் சுற்றுலாப் புறப்படும் மாணவர் புறாத்தீவைப் பார்ப்பர். கன்னியா வெந்நீரில் குளிப்பர். மூதூரில் றொபேட் நொக்ஸ் பிடிபட்ட மரத்தை நினைவூட்டும் கல்லையும் வாசித்துத் திரும்புவர். இயற்கையழகை நுகர்வதைக் குறைகூறுவார் எவருமில்லை. ஆனால் வரலாறு என்ற பெயரில் நாம் காட்டுவது யாருடைய வரலாறு?

1660இல் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவனும் அவன் மகன் நொக்ஸும் கொட்டியார்க் குடாவில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கினர். பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிய மகனின் நூல் 1681இல் வெளிவந்தது. அவனுக்குக் கல் உண்டு.

2006 ஆகஸ்டில் அதே மூதூரிலிருந்து பல்லாயிரம் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர். அவ்வாண்டிலேயே சம்பூர்த் தமிழர் ஊரிழந்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் முகாம்களில் கிடந்தபின்பே மண்ணை மீண்டும் மிதித்தனர். இவர்கள் கதையை எந்தச் சுற்றுலா வழிகாட்டி சொல்கிறான்?

"கசப்பைப் பேசினால் பயணிகள் வரமாட்டார்" என்பர் வணிகர். நொக்ஸின் சிறைவாசம் மட்டும் இனிப்பானதோ? முந்நூற்றைம்பது ஆண்டு கழிந்த துன்பம் காட்சிப்பொருள். நேற்றைய துன்பம் பேசத்தகாத பொருள். அந்நியன் பட்டது வரலாறு. அயலவன் பட்டது வம்பு. இதுவே அவர்தம் அளவுகோல்!

ஆசிரியத் தோழர்களே, அடுத்த பயணத்தில் பேருந்தைச் சம்பூரிலும் நிறுத்துங்கள். முதியோரிடம் கேட்டு மாணவர் எழுதட்டும். தமிழர் இழப்பும் முஸ்லிம்கள் இழப்பும் ஒரே ஏட்டில் இடம்பெறட்டும். கல் நாட்டுவோர் வரும்வரை காத்திருந்தால், சொல்லத் தெரிந்தவர்கள் மறைந்துவிடுவர்.